மணல் நிறத்தில் மூன்று முட்டை

என் வலது செருப்புக்கும் அந்த மூன்று முட்டைகளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்திருக்கும். கீழே பார்த்து நடக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கும் பார்வை தூரத்தில், காயலில் நின்ற பூநாரைகள் மேல்தான் இருந்தது. காலடியில் சின்னதாக ஏதோ கீச்சிட்டுக்கொண்டு ஓடியதால் நின்றேன். ஓடிய குருவி பத்தடி தள்ளிப் போய் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டியது. ஐயோ, மிதித்துவிட்டோம் போலிருக்கிறது என்று அதன் பின்னால் இரண்டு எட்டு வைத்தேன். அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், மறுபடி நொண்டியது. சட்டென்று உறைத்தது. இது நடிக்கிறது. அப்படியென்றால் இங்கே ஏதோ இருக்கிறது. கால் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு குனிந்து தேடினேன். முட்டைகள் கண்ணில் பட இரண்டு நிமிடம் ஆனது. மணலில் ஒரு கை அகலப் பள்ளம், நாலைந்து சிப்பித் துண்டு, மணல் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த மூன்று முட்டை. வேறொன்றும் இல்லை. ஒரு துரும்பு கூட இல்லை.

இடம் தனுஷ்கோடி. பங்குனி கடைசி. காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறியிருந்தது.

இந்தப் பக்கம் நான் வந்தது ஆசைப்பட்டு அல்ல. வங்கி வேலை, ராமநாதபுரத்துக்கு மாற்றல். பிடிக்காத அதிகாரியைத் 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவதாக மிரட்டும் வசனம் எந்த ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் வழியனுப்பினார்கள். நான் போய் இறங்கியது கார்த்திகை மாதம். கண்மாய் எல்லாம் தளும்பிக் கிடந்தது. கருவேல மரம் ஒவ்வொன்றிலும் கொக்கும் நாரையும். தண்ணியில்லாக் காடாம்! அந்த மாதச் சம்பளத்தில் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டிப் போவது வழக்கமானது.

ராமேஸ்வரம் தீவை வரைபடத்தில் பார்த்தால் கிழக்கே நீண்ட வால் ஒன்று தெரியும். அந்த வால்தான் தனுஷ்கோடி. நுனி அரிச்சல்முனை. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவே கடலுக்குள் மணல்திட்டுகள் சங்கிலியாகக் கிடக்கின்றன. நாம் ராமர் பாலம் அல்லது ராமர் அணை என்கிறோம். வாலின் இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்கிறார்கள், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். சாந்தமானது, முரடானது என்று பிரித்து வைத்த பெயர்கள். ஆனால் பெயருக்குக் கட்டுப்பட்டு எந்தக் கடலும் நடப்பதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பெண் கடல் குதிக்கும், ஆண் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்துவிட்டால் தலைகீழ். இங்கே இருக்கிற மீனவர்கள் காற்றுக்குத் தக்கபடி வலையையும் வள்ளத்தையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வார்கள். நடக்கிற தூரத்தில் இரண்டு கடல் இருக்கிற வசதி அது.

பறவையும் அப்படித்தான் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. முதலில் நான் பஞ்சாங்கமும் ஓத நேரமும் பார்த்துக்கொண்டு போனேன். தண்ணீர் வற்றும் நேரம் சேறு வெளிப்படும், பறவை வந்து மேயும் என்பது படித்த பாடம். இங்கே அது சரியாக வேலை செய்யவில்லை. ஏனென்றால் இந்தக் கடலில் அமாவாசை, பௌர்ணமிக்குக் கூடத் தண்ணீர் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதில்லை. அவ்வளவு சாய்வில்லாத தரையில் காயல் தண்ணீரை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் பாதிக்கு மேல் காற்றின் வேலை. நேற்று முழங்கால் தண்ணீர் நின்ற இடம் இன்றைக்குக் காற்று திரும்பியதும் வெறும் சேறாகிவிடும். ஒரு நாள் ஆயிரம் பறவை, மறுநாள் ஒன்று கூட இல்லை. நான் பிறை பார்த்துக்கொண்டிருந்தேன், கரைவலை இழுக்கிறவர்கள் கடையில் கட்டிய பிளாஸ்டிக் பை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது நானும் பிளாஸ்டிக் பைதான் பார்க்கிறேன்.

கரைவலையைச் சொல்லாமல் போக முடியாது. பறவை பார்க்க வருகிறவர்கள் காயலுக்கே ஓடுகிறார்கள், எனக்கு முதல் பாடம் நடந்தது கரைவலைப் பக்கம். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். வலை தூரத்தில் இருக்கும்போதே ஆலாக்களுக்குத் தெரிந்துவிடும். மேலே சுற்ற ஆரம்பிக்கும். மீன் சேரும் வலைப் பையான மடி கரைக்கு நெருங்க நெருங்க வட்டம் சுருங்கும். கடற்காகங்கள் தண்ணீரில் உட்கார்ந்து காத்திருக்கும். செம்பருந்து இரண்டு மூன்று, அவசரமே இல்லாமல் மேலே தொங்கும். கறுப்பு நிறத்தில் ஒரு கரைக்கொக்கு இழுப்பவர்களின் கால்களுக்கு நடுவே, சம்பளப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிற மாதிரி நடமாடும். மடி கரையேறியதும் நல்ல மீனைக் கூடையில் பிரித்துப் போட்டுவிட்டு, மிஞ்சிய சங்காயத்தை, அதாவது விலை போகாத கழிவு மீனைத் தள்ளிவிடுவார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் நடக்கிற கலவரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே பழுப்புத்தலைக் கடற்காகம் ஒன்று சாளை மீனுக்காக இன்னொன்றின் தலையில் ஏறி நிற்பதைப் பார்த்தேன். அதன் பிறந்த ஊர் லடாக் அல்லது திபெத்துப் பீடபூமி ஏரி ஏதாவது ஒன்று. அக்கரையில் மன்னாரில் செயற்கைக்கோள் கருவி கட்டிவிட்ட பெரிய கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் வட கோடியில் இருக்கும் யமால் தீபகற்பம் வரை போயிருக்கிறது. ஆர்க்டிக் கரையிலிருந்து வந்து சங்காயத்துக்குச் சண்டை.

சரி, பூநாரை. எல்லோரும் கேட்பது அதைத்தான்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள காயலில் பெரிய பூநாரைகள் இறங்கும். முதலில் நூறு, அப்புறம் நூறு நூறாக. தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். 'பிங்க் கலர்' என்று சொன்னார்களே என ஏமாந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நின்று பார்த்தால் ஒன்று சிறகை விரிக்கும். உள்ளே மடித்து வைத்திருந்த செம்பருத்திச் சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் வெளியே வரும். அந்தச் சிவப்பு அதன் சொந்தச் சொத்து இல்லை, தின்கிற பாசியிலும் சிற்றிறாலிலும் இருந்து சேர்வது. குஞ்சுகள் சாம்பல் நிறம். நிறம் ஏற இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். கூட்டத்தில் அழுக்குச் சட்டை போட்ட மாதிரி நிற்பவை எல்லாம் இளசுகள்.

அது தின்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலையைக் கவிழ்த்துப்போட்டு, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்து, நாக்கைப் பம்பு மாதிரி இயக்கித் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற அடுக்கு. அதில் வடிகட்டி நிற்பதுதான் சாப்பாடு. சில சமயம் ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு சுற்றும். பார்க்கிறவர்கள் 'டான்ஸ் ஆடுது' என்று வீடியோ எடுப்பார்கள். கலக்கிவிட்ட சேற்றிலிருந்து மேலே வரும் இரையைத்தான் அது அள்ளுகிறது. தண்ணீர் வற்றிய பிறகு நடந்து போனால் சேற்றில் வட்டம் வட்டமாகத் தடம் இருக்கும், கோலம் போட ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாதிரி.

இங்கே ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வருடம், பறக்கிற பூநாரைப் படம் எனக்கு வேண்டும் என்று பிடிவாதம். கூட்டம் எழும்பவே இல்லை. நண்பன் ஒருவனை அந்தப் பக்கமாக ஓடச் சொன்னேன். ஓடினான். முந்நூறு பறவையும் தண்ணீர் மேல் பத்துப் பதினைந்து எட்டு ஓடி எழும்பின. படம் நன்றாகத்தான் வந்தது. அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டினேன். பிறகு தெரிந்தது, ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் மேய்ந்து சேர்த்ததைச் செலவழிக்கிறது, அந்தக் கூட்டத்தில் பலவும் குஜராத்தின் கட்ச் ரண் உப்புச் சதுப்பு வரைக்கும் போக வேண்டியவையாக இருக்கலாம் என்று. படத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஆணி இன்னும் இருக்கிறது. இப்போது டிரோன் வைத்து எழுப்புகிறார்கள். அவர்களைத் திட்ட வாய் வருகிறது, ஆணி ஞாபகம் வந்து மூடிக்கொள்கிறேன்.

2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் சுமார் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்தது. அதற்கு முந்தைய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் 128 வகைப் பறவைகள் பதிவாகியிருந்தன. நல்ல காரியம். பெயர் பூநாரைக்குப் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெயரில்தானே பத்திரிகை அடிக்கிறோம்.

மீதி 127-இல் என் மனதுக்குப் பிடித்த பட்டியல் ஒன்று உண்டு. குதிரைமலைக் கோட்டான், வளைந்த அலகை நண்டு வளைக்குள் விட்டு வளைவுக்கு வளைவாகத் திருப்பி எடுக்கும். கல்திருப்பி உள்ளான், சோற்றுக்குப் பாத்திரம் உருட்டுகிற பையன் மாதிரி கடற்பாசியையும் சிப்பியையும் புரட்டிக்கொண்டே போகும். பட்டைவால் மூக்கன் என்று ஒன்று வரும். அந்த இனத்துப் பறவை ஒன்று 2022-இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் பதினொரு நாளில் கடந்திருக்கிறது. நம் கரைக்கு வருகிறவை சைபீரியாப் பக்கத்தவை, அவ்வளவு பெரிய சாதனைக்காரர்கள் இல்லை. இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

நண்டு தின்னும் உள்ளானைத் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளை உடம்பு, நீண்ட கால், மீன் வெட்டுகிற கத்தி மாதிரி கனத்த அலகு. மற்ற உள்ளான்கள் வடக்கிலிருந்து வந்தால் இது மேற்கிலிருந்து வரும். பாரசீக வளைகுடா, ஓமன், சோமாலியாக் கரைகள் இதன் முக்கியமான பேறுகால ஊர்கள். கரையோரப் பறவைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது இது ஒன்றுதான். உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டை. சுடுமணலே அடைகாக்கிற வேலையில் பாதியைச் செய்துவிடும். அரிச்சல்முனைக்கு முன்னால் ஒரு மணல்திட்டில் பதினேழு பறவைகள் ஒரே பக்கம் பார்த்து நின்றதை ஒருமுறை பார்த்தேன். வளைகுடா வேலைக்குப் போய்விட்டு ஊருக்கு வருகிறவர்களை ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் தினமும் பார்க்கிறேன், இதுகள் எதிர்த்திசையில் வேலைக்கு வருகிறவை.

கடலுக்குள் இருப்பவை எனக்கு அவ்வளவு வசப்படவில்லை. ஓங்கல் என்கிற டால்பின் கூட்டம் இரண்டு தடவை. பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம் பலமுறை, டிராக்டர் டயர் போன மாதிரி இருக்கும். ஆமையை நேரில் கண்டது இல்லை. முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிற வேலையை வனத்துறை செய்கிறது. ஆவுளியா எனப்படும் கடல்பசுவைப் பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதோடு சரி. அதற்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் 2022-இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இனி அந்தச் சின்னக் குருவி. நொண்டி நடித்தது உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரிது. முதுகு மணல் நிறம், வயிறு வெள்ளை. பத்தடி ஓடும், நிற்கும், நின்றதும் காணாமல் போகும். குறிப்பேட்டில் வருடக்கணக்காக அதைக் 'கெண்டிஷ் உப்புக்கொத்தி' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இங்கிலாந்தில் ஏதோ ஒரு மாவட்டத்தின் பெயர். தனுஷ்கோடி மணலில் பிறந்து, தனுஷ்கோடி மணலில் சாகிற பறவைக்கு! 1915-இலேயே ஹார்டெர்ட், ஜாக்சன் என்ற இருவர் இலங்கை, தென்னிந்தியக் கரைப் பறவை வேறு மாதிரி இருக்கிறது என்று கவனித்துத் தனிப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆனால் நெடுங்காலம் அது கெண்டிஷின் ஒரு கிளையாகவே வைக்கப்பட்டிருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள் உடலளவும் மரபணுவும் ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி இனம் என்று 2023-இல் எழுதினார்கள். உருவத்தில் சிறியது, சிறகு குட்டை. வலசை போகாமல் இங்கேயே இருப்பது. கடலின் இரு பக்கமும், ராமர் அணையின் இரு முனையிலும் வாழ்வதால் வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி.

நான் மிதிக்கப் போனது அனுமனை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

முட்டையைக் கண்டதும் எனக்கு ஒரு அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலேயே வண்டித் தடம். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்த பிறகும், ரோட்டை விட்டு மணலில் வண்டியை இறக்கி 'ரீல்ஸ்' எடுக்கிற கூட்டம் குறையவில்லை. அடுத்த வாரம் வரும்போது இடம் தெரிய வேண்டுமே என்றும் இருந்தது. கரை ஒதுங்கிய சவுக்குக் கம்பு ஒன்றைத் தேடி எடுத்து, கூட்டுக்கு ஆறடி தள்ளி நட்டு, உச்சியில் சிவப்பு நைலான் கயிறு கட்டினேன். நாலாபுறமும் கல் வைத்தேன். படம் எடுத்தேன். செய்த வேலை மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தூரத்தில் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் கோரிக்கொண்டிருந்த அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, நடுவில் ஒரு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிற ஊர் இது. அவர் ரோட்டோரம் ஓலைக் கொட்டகையில் மீன் பொரித்து விற்கிறவர். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"என்ன தம்பி, இடம் எதும் அளக்கிறீகளா?"

"இல்லக்கா. குருவி முட்டை. யாரும் மிதிச்சிரக் கூடாதுன்னு."

அவர் கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு போனேன். கம்பு இருந்தது. கயிறு இருந்தது. கல் நாலும் இருந்தன. பள்ளம் காலி. குஞ்சு பொரிக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் பொரித்துப் போயிருக்க வழியில்லை. கம்பின் கீழே வெள்ளை எச்சம் வழிந்திருந்தது. சுற்றிக் காக்கைக் கால் தடம். அரைமைல் சுற்றளவில் நிமிர்ந்து நிற்கிற பொருள் அந்தக் கம்பு ஒன்றுதான்.

அக்காவின் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். கேட்காமலே டீ வந்தது.

"காக்கா தூக்கிருச்சா?"

"ஆமாக்கா."

"வெட்ட வெளியில அது ஏன் முட்டை போடுது? காக்கா உக்கார எடம் இல்லன்னுதான் போடுது. நீங்க போயி நாற்காலி போட்டுக் குடுத்திட்டு வந்தீக."

முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "படிச்ச புள்ளைக, ஏதோ காரணமாத்தான் செய்யுதுன்னு நெனச்சேன்" என்றார். அதில் கேலி எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று இன்று வரை பிரிக்க முடியவில்லை. ரோடு வருவதற்கு முன்னால் இவ்வளவு காக்கை கிடையாது என்று அவர்தான் சொன்னார். வண்டி வந்தது, கடை வந்தது, எச்சில் இலை வந்தது, பின்னாலேயே காக்கையும் நாயும். "எங் கடை எச்சில தின்னுதான் அதுகளும் வளருது. என்ன செய்யச் சொல்றீக?" என்றார். நான் வடையைப் பாதியில் வைத்திருந்தேன். அதையும் தின்றுவிட்டு எழுந்தேன்.

அந்த வருடம் அதே ஜோடி மறுபடி முட்டையிட்டதா என்பது தெரியாது. முதல் முட்டை போனால் இந்தக் குடும்பத்துப் பறவைகள் திரும்ப இடும். கடும் வெயிலில் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். குஞ்சு ஓடு உடைத்து வெளியே வந்த சில மணி நேரத்தில், காலில் ஸ்பிரிங் வைத்த பஞ்சு உருண்டை மாதிரி ஓட ஆரம்பிக்கும். இவை எல்லாம் படித்ததுதான். நேரில் பார்க்க வேண்டுமானால் கூட்டைத் தேட வேண்டும். தேடப் போகிற காலடித் தடமே நாய்க்கு வழி காட்டிவிடும். அதனால் தேடுவதில்லை.

போன பங்குனியில் அதே பக்கம் போனேன். ரோட்டுச் சுவரில் உட்கார்ந்து பைனாகுலரில் மணலை வரிசை வரிசையாகத் துழாவினேன். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கல் ஓடியது. நின்றது, மறுபடி கல்லானது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கல். குறிப்பேட்டில் 'அனுமன் உப்புக்கொத்தி, 2' என்று எழுதினேன். பின்னால் காயலில் அறுநூறு பூநாரை நின்றதை எண்ணியது அதற்கு அப்புறம்தான்.

கொட்டகையைக் கடக்கும்போது அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இந்த வருசம் கம்பு கொண்டுட்டு வரலையா?"